ஆட்டோகிராஸ்ல மியாட்டா முன்னாடி தள்ளுதா? அலைன்மெண்ட், டயர், காத்து பத்தி ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமா இதுதான்: 2003 மாடல் மாஸ்டா மியாட்டா, சஸ்பென்ஷன் எல்லாம் ஸ்டாக் (கம்பெனில வந்தபடியே), நாலு வருஷம் ஓடுன ஆல் சீசன் டயர், இதுவரைக்கும் ரெண்டு ஆட்டோகிராஸ் (காலி இடத்துல கோன் அடுக்கி நேரம் பாத்து ஓட்டற போட்டி) ஓடியாச்சு. கோனுக்கு நடுவுல ஸ்டியரிங்க திருப்புனா கார் திரும்பாம முன்னாடியே தள்ளிக்கிட்டு போகுது. அலைன்மெண்ட் (சக்கரம் நிக்கற கோணத்தை சரிபண்றது) கடைல குடுத்த பிரிண்ட்ல எல்லா நம்பரும் பச்சைல இருக்கு. இப்ப டயர் மாத்தறதா, அலைன்மெண்ட் மாத்தறதா, என்ன நம்பர் வெக்கறது? ஹோண்டா ஃபிட் எடுத்துட்டு வரப்போற ஃப்ரெண்டுக்கும் அதே நம்பர் பொருந்துமா?

ரெண்டும் மாத்தணும், ஆனா டயர் முதல்ல. அதுக்கும் முன்னாடி, காசே செலவில்லாம அடுத்த ஈவண்ட்லயே பண்ணக்கூடியது காத்து அளவு. நானும் இதே கார்தான், 2001 மாடல், எட்டு வருஷமா இங்க அமெரிக்காவுல ஓட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க சொல்ற அந்த தள்ளற பிரச்சனையோட முதல் ரெண்டு சீசன் முழுசா மல்லுக்கட்டியிருக்கேன், அதனால எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதிடறேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

முதல்ல அந்த பச்சை நம்பர். பச்சைன்னா கம்பெனி குடுத்த ரேஞ்சுக்குள்ள இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். டயர் சமமா தேயணும், ஹைவேல கார் இழுக்காம நேரா போகணும், இதை மனசுல வெச்சு போட்ட ரேஞ்ச் அது. நம்ம வேலை அது இல்லையே. பார்க்கிங் லாட்லயோ ஏர்போர்ட் கான்கிரீட்லயோ கோன் அடுக்கி வெச்ச ஒரு நிமிஷத்துக்குள்ள முடியற கோர்ஸ், பெரும்பாலும் ரெண்டாவது கியர், மணிக்கு 100 கிலோமீட்டர் தாண்டறதே அபூர்வம், நேரா போற இடம்னு ஒண்ணு கிட்டத்தட்ட கிடையாது, ஒரு கோனை தட்டுனா 2 செகண்ட் போச்சு. அலைன்மெண்ட் கடைக்காரர் தப்பு பண்ணல, நீங்க என்ன வேணும்னு கேக்கல, அவ்வளவுதான். நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துக்கிட்டு போகணும், "ரேஞ்சுக்குள்ள கொண்டு வாங்க"ன்னு சொல்லாம "இந்த நம்பர் வைங்க"ன்னு சொல்லணும். எனக்கு ஒரு கடைல அப்படி எழுதிக் குடுத்தும் திருப்பி பச்சைலயே கொண்டுவந்து நிறுத்திட்டாங்க, வெளிய வந்து பிரிண்ட பாத்தப்பறம்தான் தெரிஞ்சுது. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி பிரிண்ட வாங்கி படிச்சுப் பாருங்க.

இப்ப கார் ஏன் தள்ளுது. எல்லாமே வெளிப்பக்க முன் டயர்லதான் இருக்கு. இடது பக்கம் திருப்புறீங்கன்னு வைங்க, கார் வலது பக்கம் சாயுது, வேகத்தைக் குறைச்சுக்கிட்டே திருப்புனா முன்னாடியும் சாயுது, அப்ப வலது முன் டயர் ஒண்ணுதான் பாதி காரை சுமந்துக்கிட்டு திருப்பவும் செய்யணும். பாடி சாயறப்ப அந்த டயரும் கூடவே வெளிய சாயும். அதாவது தரையில படறது டயரோட முழு முகம் இல்ல, வெளி ஓரம் மட்டும். செருப்போட வெளி ஓரம் மட்டும் தேயற மாதிரி நடக்கறவங்க இருக்காங்கல்ல, அந்த மாதிரி. உங்க முன் டயரை இப்ப போய் பாருங்க, வெளி ஓரம் உருண்டையா தேய்ஞ்சு, சைட்வால் பக்கம் கூட உரசுன தடம் இருக்கும், உள் பக்கம் கிட்டத்தட்ட புதுசா இருக்கும். அப்படி இருந்துச்சுன்னா காரணம் கையில கிடைச்ச மாதிரிதான்.

அந்த சாய்வுக்கு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்ச்சு வெக்கறதுதான் நெகடிவ் கேம்பர், சக்கரத்தோட மேல் பக்கம் உள்ள சாஞ்சிருக்கும். நேரா போறப்ப டயர் கொஞ்சம் உள் ஓரத்துல நிக்கும், வளைவுல போறப்ப முழுசா படியும். மியாட்டால நமக்கு ஒரு வசதி, நாலு பக்கமும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம் பிடிக்கற அமைப்பு), சஸ்பென்ஷன் அமுங்க அமுங்க அதுவே கொஞ்சம் நெகடிவ் கேம்பர் சேத்துக்கும், ஆனா பாடி சாயற அளவுக்கு அது ஈடு குடுக்காது, மிச்சத்தை நாமதான் வெக்கணும். மேக்பெர்சன் ஸ்ட்ரட் (மேல் ஆர்முக்கு பதிலா ஷாக் அப்சார்பரே சக்கரத்தை தாங்கற அமைப்பு) வெச்ச கார்ல இந்த உதவி ரொம்ப கம்மி, அவங்க நம்மள விட நிறைய ஸ்டேட்டிக் கேம்பர் (கார் நிக்கறப்பவே இருக்கற கேம்பர்) வெச்சே ஆகணும்.

இன்னொரு வசதி, நம்ம கார்ல கீழ் ஆர்ம் மாட்டியிருக்கற போல்ட் எல்லாமே எக்சென்ட்ரிக், அதாவது திருப்புனா ஆர்ம் உள்ள வெளிய நகரும். முன்னாடி ரெண்டு போல்டையும் ஒரே பக்கமா நகத்துனா கேம்பர் மாறும், ஒண்ண இந்தப் பக்கம் ஒண்ண அந்தப் பக்கம் நகத்துனா கேஸ்டர் (பக்கத்துல இருந்து பாத்தா ஸ்டியரிங் அச்சு முன்ன பின்ன சாயற கோணம்) மாறும், டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற அளவு) மட்டும் ஸ்டியரிங்க சக்கரத்தோட இணைக்கற டை ராட்ல. பின்னாடி ரெண்டையும் சேத்து நகத்துனா கேம்பர், எதிரெதிரா நகத்துனா டோ. தனியா எந்த பார்ட்டும் வாங்க வேண்டியதில்ல. எஸ்சிசிஏ (அமெரிக்காவுல ஆட்டோகிராஸ் நடத்தற கிளப்) ரூல்ல ஸ்ட்ரீட் பிரிவுல, அதாவது கிட்டத்தட்ட ஸ்டாக் காருக்கான பிரிவுல, சஸ்பென்ஷன்ல மாத்த ரொம்பக் கொஞ்சம்தான் இடம்ங்கறதால இது பெரிய லாபம், பல கார்க்காரங்களுக்கு இந்த வாய்ப்பே இல்ல.

ஆனா ஒரு எச்சரிக்கை. பனிக்கு ரோட்டுல உப்பு போடற ஊர்ல இருந்த காரா இருந்தா அந்த போல்ட் புஷ்ஷோட (ஆர்ம் முனைல இருக்கற ரப்பர் உருளை) உள் குழாயோட துருப்பிடிச்சு ஒட்டிப்போய் இருக்கும். என் கார்ல பின்னாடி வலது பக்கம் ஒண்ணு அப்படித்தான், அலைன்மெண்ட் மெஷின்ல ஏத்தி வெச்சுட்டு அரை மணி நேரம் போராடி கடைசில கைவிட்டுட்டாங்க, அப்பறம் வீட்டுல போல்டை அறுத்து எடுத்து புது போல்ட் புது புஷ் போட்டு முடிக்க ரெண்டு வாரக் கடைசி போச்சு. நீங்க கடைக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே துரு இளக்கற ஆயில் அடிச்சு ஊறவிட்டு, எட்டு போல்டும் அசையுதான்னு பாத்துட்டு அப்பறம் நாள் குறிங்க. கழட்டறதுக்கு முன்னாடி போல்டு தலை எங்க நிக்குதுன்னு பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க.

நம்பர் கேட்டீங்க. ஸ்டாக் உயரத்துல முன்னாடி கேம்பர் எவ்வளவு வருமோ அவ்வளவும் எடுங்க, ரெண்டு பக்கமும் சமமா. சில கார்ல மைனஸ் 1.3 டிகிரில நின்னுடும், சிலதுல மைனஸ் 1.8 வரைக்கும் போகும், எது கம்மியா வருதோ அந்தப் பக்கத்துக்கு அடுத்ததையும் கொண்டு வந்துடுங்க. கேஸ்டர் மிச்சம் என்ன வருதோ வரட்டும், ரெண்டு பக்கமும் அரை டிகிரிக்குள்ள சமமா இருந்தா போதும், கேஸ்டருக்காக கேம்பர விட்டுக்குடுக்காதீங்க. முன் டோ ஜீரோ, இல்லன்னா மொத்தமா 1.5 மில்லிமீட்டர் டோ-அவுட், அதாவது மேல இருந்து பாத்தா ரெண்டு சக்கரமும் முன்னாடி கொஞ்சமா விரிஞ்சு நிக்கணும். பின்னாடி கேம்பர் முன்னாடி வந்த அதே அளவு, இல்ல கால் டிகிரி கம்மி. பின் டோ கண்டிப்பா டோ-இன், மொத்தமா 2ல இருந்து 3 மில்லிமீட்டர்.

முன்னாடி டோ-அவுட் வெச்சா ஸ்டியரிங்க தொட்ட உடனே மூக்கு திரும்பும், ஸ்லாலம்ல (வரிசையா வெச்ச கோனுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறது) அந்த வித்தியாசம் கையில நல்லாவே தெரியும். ஆனா அதுக்கு விலை இருக்கு. ஹைவேல லாரி ஓடி ஓடி பள்ளமான தடத்துல கார் அதுபாட்டுக்கு அலையும், டயர் உள் ஓரம் சீக்கிரம் போயிரும். கேம்பர்தான் டயரைத் தின்னும்னு பொதுவா சொல்வாங்க, என் அனுபவத்துல டோதான் தின்னும், டோ சரியா இருந்தா மைனஸ் ஒன்றரை கேம்பர்ல தினமும் ஆபீஸ் போய்ட்டு வரலாம், ஒண்ணும் ஆகாது. தினசரி ஓட்டற காரா இருந்தா ஜீரோலயே நிறுத்திக்கோங்க. பின்னாடி டோ-அவுட் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெக்காதீங்க, யாராவது கார் நல்லா சுத்தும்னு சொன்னாலும் வெக்காதீங்க. சுத்தும், உண்மைதான், ஈவண்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழியில மழையில ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தாலும் சுத்தும்.

இதெல்லாம் வீட்டுலயே அளக்கலாம், கொத்தனார் செவுத்துக்கு நூல் பிடிக்கற மாதிரிதான். காருக்கு ரெண்டு பக்கமும் சக்கரத்தோட நடு உயரத்துல ஜாக் ஸ்டாண்ட் வெச்சு நைலான் நூல் கட்டுங்க, நூல் ரெண்டும் காரோட நடுக்கோட்டுக்கு இணையா இருக்கணும், முன் அச்சும் பின் அச்சும் அகலம் வேற வேறங்கறத கணக்குல எடுத்துக்கிட்டு ஹப் நடுவுல இருந்து நூலுக்கு ரெண்டு பக்கமும் சமமான தூரம் வைங்க. அப்பறம் ரிம்மோட முன் ஓரத்துல இருந்து நூலுக்கு ஒரு அளவு, பின் ஓரத்துல இருந்து ஒரு அளவு, வித்தியாசம்தான் அந்த சக்கரத்தோட டோ. நான் சொன்ன மில்லிமீட்டர் டயரோட வெளி விட்டத்துல அளந்தது, ரிம்ல அளந்தா அதே கோணத்துக்கு எண் கொஞ்சம் சின்னதா வரும். கேம்பருக்கு காந்தம் வெச்ச டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒண்ணு போதும், போன்ல ரசமட்டம் ஆப் கூட சுமாரா காட்டும், ஆனா தரை சமமா இருக்கணும், என் கராஜ் தரை ஒரு பக்கம் முக்கால் டிகிரி சரிவு, அதை முதல்ல அளந்து கழிச்சுக்காம நான் ஒரு சீசன் பூரா தப்பு நம்பரோட ஓடியிருக்கேன். சக்கரத்துக்கு அடியில ரெண்டு வழவழப்பான டைல்ஸ், நடுவுல கிரீஸ், இது இல்லன்னா ஜாக்ல இருந்து இறக்குன உடனே டயர் தரையைப் பிடிச்சுக்கிட்டு பொய் நம்பர் காட்டும். டிரைவர் சீட்டுல உங்க எடைக்கு ஏத்த மணல் மூட்டையோ டம்ப்பெல்லோ வைங்க, ஆயிரத்து சொச்சம் கிலோ கார்ல 75 கிலோ ஆள் உக்காந்தா நம்பர் மாறும். கேம்பர் முதல்ல, டோ கடைசில, ஏன்னா கேம்பரைத் தொட்டா டோ கூடவே நகரும்.

சரி, டயர். ஆல் சீசன் டயர்ல மேல சொன்ன அத்தனையும் பண்ணாலும் கிடைக்கறது கொஞ்சம்தான், நல்ல டயர் மாத்துனா அலைன்மெண்டே தொடாம கோர்ஸ்ல செகண்ட் கணக்குல குறையும். அதோட பிடிப்பு அதிகமான டயர் போட்டா கார் இன்னும் வேகமா வளையும், இன்னும் சாயும், அப்ப கேம்பர் தேவையும் ஏறும். அதனால பழைய டயருக்கு அலைன்மெண்ட் பண்ணிட்டு அப்பறம் டயர் மாத்தறது ரெண்டு செலவு.

எஸ்சிசிஏ ஸ்ட்ரீட் பிரிவுல சைட்வால்ல டிரெட்வேர் நம்பர் (டயர் எவ்வளவு மெதுவா தேயும்ங்கறதுக்கான அளவு) குறைஞ்சது 200 இருக்கணும். அந்த நம்பரை கம்பெனிக்காரங்களே டெஸ்ட் பண்ணி அவங்களே போட்டுக்கறாங்க, அதனால ஒரு கம்பெனி 200ம் இன்னொரு கம்பெனி 200ம் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்ஈ-71ஆர்எஸ் ரெண்டும் குளிர்ல இருந்தே ஒட்டும், ஆட்டோகிராஸுக்கு அதுதான் வேணும், ஏன்னா நமக்கு சூடு பண்ண லேப் கிடையாது, ஸ்டார்ட்ல இருந்து முதல் கோன்லயே பிடிப்பு வந்தாகணும். ஹான்கூக் ஆர்எஸ்4 நல்லா உழைக்கும், டிராக்குல இருபது நிமிஷம் விடாம ஓட்டறவங்களுக்கு அருமை, ஆனா நம்ம 50 செகண்ட்ல அது முழிச்சுக்கறதுக்குள்ள ஃபினிஷ் வந்துடும். கத்துக்கற முதல் வருஷத்துக்கு நான் ஆர்எஸ்4தான் சொல்லுவேன், காரணம் வேகம் இல்ல, அது பிடிப்ப விடறத மெதுவா, சத்தம் போட்டு சொல்லிட்டு விடும், பல ரன் தாங்கும், நிறைய ஓட்டிக் கத்துக்கலாம். ஏ052 சூடானா வழுக்க ஆரம்பிக்கும், ஒரே கார்ல ரெண்டு டிரைவர் மாத்தி மாத்தி ஓட்டறவங்க செடிக்கு மருந்தடிக்கற ஸ்ப்ரேயர்ல தண்ணி நிரப்பிக்கிட்டு ரன்னுக்கு நடுவுல டயர்ல அடிக்கறத பாத்திருப்பீங்க, அது அதுக்குத்தான்.

சைஸ், உங்க கார்ல 15 இன்ச் ரிம் இருந்தா 195/50 ஆர்15 வரும், 205/50 ஆர்15ல நல்ல டயர் நிறைய கிடைக்குது, நான் அதுதான் போட்டிருக்கேன். அந்த 15 இன்ச் ஸ்டாக் ரிம் 6 இன்ச் அகலம்தான், 205 அதுல கொஞ்சம் இறுக்கி உக்காரும், அகலமான ரிம்ல சைட்வால் நிமிந்து நின்னு நல்லா தாங்கும், ஆனா ஸ்ட்ரீட் பிரிவுல ரிம் அகலத்தை மாத்த முடியாது, அதுக்காக இப்பவே வேற பிரிவுக்குத் தாவ வேண்டாம். பழைய டயர் வாங்கறீங்கன்னா சைட்வால்ல டாட் நம்பரோட கடைசி நாலு எண்ணை பாருங்க, 2319ன்னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. டிரெட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் கிழடுதட்டிப் போச்சுன்னா விரல் நகம் வெச்சு அழுத்துனாலே தெரியும். இன்னொண்ணு, இந்த மாதிரி சம்மர் டயர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ கல்லு மாதிரி ஆயிடும், உறைபனியில காரை நகத்துனா ரப்பர்ல விரிசல் விடவே வாய்ப்பிருக்கு, குளிர்காலத்துக்குக் கழட்டி வீட்டுக்குள்ள வைங்க.

காத்து அளவுக்கு வர்றேன், ஈவண்ட் அன்னிக்கு உங்க கையில இருக்கற ஒரே சாவி இதுதான். மியாட்டாவுக்கு கதவு ஸ்டிக்கர்ல 26 பிஎஸ்ஐ போட்டிருக்கும். நான் 200 டிரெட்வேர் டயர்ல சூடா இருக்கறப்ப முன்னாடி 30, பின்னாடி 29ன்னு ஆரம்பிப்பேன். சூடா இருக்கறப்பங்கறது முக்கியம், 5, 6 டிகிரி செல்சியஸ் ஏறுனா ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும், காலைல வீட்டுல 30 வெச்சுட்டு மத்தியானம் மூணாவது ரன்ல பாத்தா 35ல நிக்கும், கார் பனிக்கட்டி மேல போற மாதிரி போகும். ஒவ்வொரு ரன் முடிஞ்சு பார்க் பண்ண உடனே, ஹெல்மெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி, நாலு டயரையும் அளந்து ஏறுனத வெளிய விடுங்க.

சரியா இருக்கான்னு பாக்க சாக்பீஸ் போதும். டிரெட் ஓரத்துல இருந்து சைட்வால் வரைக்கும் மூணு இடத்துல கோடு போடுங்க, நிறைய டயர்ல தோள்பட்டைல ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், ரன் முடிஞ்சு பாத்தா சாக்பீஸ் அந்த முக்கோணம் வரைக்கும் அழிஞ்சிருந்தா நல்லது, அதையும் தாண்டி அழிஞ்சிருந்தா டயர் மடங்குது, 2 பிஎஸ்ஐ ஏத்துங்க, முக்கோணத்துக்கு ரொம்ப முன்னாடியே நின்னுட்டா இறக்குங்க. உங்க கார்ல இப்ப கேம்பர் கம்மியா இருக்கறதால ஓரம் ரொம்ப அழியும், காத்து ஏத்தி ஏத்தி அதை சமாளிக்கப் பாப்பீங்க, ஒரு அளவுக்கு மேல டயர் நடுப்பக்கம் உப்பி பிடிப்பே குறைஞ்சுடும். கேம்பர் செய்ய வேண்டிய வேலையை காத்து செய்யாது. ஆனா அடுத்த ஈவண்ட்டுக்கு அலைன்மெண்டுக்கு நேரம் இல்லன்னா, முன்னாடி அப்படியே விட்டுட்டு பின்னாடி 3, 4 பிஎஸ்ஐ ஏத்திப் பாருங்க, பின்பக்கம் கொஞ்சம் இளகி தள்ளறது குறையும். பிடிப்ப முன்னாடி கூட்டறதுக்கு பதிலா பின்னாடி குறைக்கறோம், அதனால இதை நிரந்தரமா வெச்சுக்காதீங்க.

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு செய்யச் சொல்றேன். உங்க ஏரியால நல்லா ஓட்டற ஒருத்தரை உங்க கார்ல ஒரு ஃபன் ரன் (கணக்குல வராத ரன்) ஓட்டச் சொல்லி நீங்க பக்கத்துல உக்காருங்க. ரெண்டாவது ஈவண்ட்ல எல்லாரும் பண்றது, கோனுக்குள்ள வேகமா நுழைஞ்சு, திரும்பலன்னு தெரிஞ்ச உடனே இன்னும் ஸ்டியரிங்க முறுக்கறது. முறுக்க முறுக்க டயர் இன்னும் தேயும், திரும்பாது. அவர் ஓட்டறப்பவும் அதே இடத்துல தள்ளுச்சுன்னா கார், தள்ளலன்னா நுழையற வேகம். என் விஷயத்துல ரெண்டும் பாதிப் பாதி இருந்துச்சு, அது தெரியாம நான் அலைன்மெண்டையே திருப்பித் திருப்பி மாத்திக்கிட்டு இருந்தேன்.

மாத்துனா ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, ஒரு நோட்ல எழுதுங்க, தேதி, வெயிலா குளிரா, கான்கிரீட்டா தாரா, காத்து முன்ன பின்ன, கார் எங்க தள்ளுச்சு, நுழையறப்பவா நடுவுலயா வெளிய வர்றப்பவா. நுழையறப்ப தள்ளுனா டோவும் பிரேக் விடற நேரமும், நடுவுல தள்ளுனா கேம்பரும் காத்தும், வெளிய வர்றப்ப தள்ளுனா ஆக்சிலரேட்டர் சீக்கிரம் குடுக்கறீங்க. கோர்ஸ் ஒவ்வொரு தடவையும் மாறும்ங்கறதால போன மாச டைமையும் இந்த மாச டைமையும் ஒப்பிட முடியாது, அதனால வருஷக்கணக்கா ஒரே கார்ல சீரா ஓட்டற ஒருத்தரைப் பிடிச்சுக்கோங்க, அவருக்கும் உங்களுக்கும் எத்தனை செகண்ட் இடைவெளிங்கறதுதான் உங்க அளவுகோல். எனக்கு அப்படி ஒருத்தர் இருக்கார், முதல் வருஷம் 5 செகண்ட் பின்னாடி இருந்தேன், இப்ப ஒண்ணுக்குள்ள வந்திருக்கேன்.

உங்க ஃப்ரெண்டு ஹோண்டா ஃபிட் எடுத்துட்டு வரப்போறார்னு கேட்டிருந்தீங்க, அவருக்கு மேல உள்ள நம்பர் பொருந்தாது. முன் சக்கர டிரைவ், முன்னாடி ஸ்ட்ரட், பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் ஒரே உத்தரம் இணைக்கற அமைப்பு), எடையும் முன்னாடிதான் அதிகம், இழுக்கறதும் திருப்பறதும் அதே ரெண்டு டயர். ஊர்ல ஸ்விஃப்ட், போலோ வெச்சு ஓடறவங்களுக்கும் இதே அமைப்புதான். பின்னாடி சாதாரணமா அட்ஜஸ்ட்மெண்டே கிடையாது, முன்னாடியும் டோ மட்டும்தான், கேம்பர் போல்ட் (கேம்பர மாத்தறதுக்குன்னே வர்ற தனி போல்ட்) போட அவர் பிரிவு ரூல் விடுதான்னு முதல்ல பாக்கணும், விட்டுச்சுன்னா ரெண்டு டிகிரிக்கு மேல போனாலும் பயப்பட வேண்டாம். முன்னாடி காத்து மியாட்டாவ விட நல்லா அதிகமா வேணும், சூட்டுல 36ல ஆரம்பிச்சு சாக்பீஸ் பாத்து மாத்தலாம், பின்னாடி அதை விடவும் ஏத்தி வெச்சா பின்பக்கம் சுத்தி வர ஆரம்பிக்கும். அவர் நமக்கு நேரெதிர், பின்பக்கத்தை எழுப்பி விடறதுதான் அவரோட வேலை.

ஈவண்ட் முடிஞ்சு கிளம்பறப்ப காத்தை திருப்பி ஸ்டிக்கர் அளவுக்கு கொண்டுவந்துடுங்க, டயர் ஆறுனதுக்கப்பறம் அளந்துக்கோங்க, வீல் நட் 80 அடி-பவுண்டுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சு ஒரு தடவை செக் பண்ணிடுங்க. அலைன்மெண்ட் பிரிண்ட்டும் ரெண்டு முன் டயரோட வெளி ஓரம் தெரியற மாதிரி ஒரு போட்டோவும் அனுப்புங்க, எந்த போல்டை எந்தப் பக்கம் திருப்பணும்னு பிரிண்ட்ல உள்ள உங்க கார் அலைன்மெண்ட் நம்பர வெச்சே சொல்றேன்.